தாராவிக்கு வரும் ஆய்வாளரும் அழைத்துப் போகும் நாமும்

மும்பைக்கு வரும் வெளிநாட்டு ஆய்வாளர்கள் பலர் தாராவியைப் பார்க்காமல் திரும்புவதில்லை. தமிழர் பகுதிகளில் அவர்களுக்கு மொழிபெயர்ப்பவர்கள் பெரும்பாலும் நம் பிள்ளைகள்தாம். பிறகு வரும் கட்டுரையில் பிழை கண்டால் கோபப்படுகிறோம். அவற்றில் பல நம் வாய் வழியாகப் போனவை என்பதே என் எண்ணம்.

முதல் தவறு, பதிலைச் சுருக்குவது. கவிழ்த்த மூங்கில் கூடைகளில் அப்பளம் காயவைக்கும் ஓர் அம்மா மூச்சுவிடாமல் பேசுகிறார்: மாவு எங்கிருந்து வருகிறது, கிலோவுக்கு என்ன கூலி, மழையில் வேலை நின்றால் யாரிடம் கைமாற்று, அதை அடைக்கத் திருநெல்வேலித் தம்பி எப்போது பணம் அனுப்புவான். நாம் சொல்வதோ, "குடும்பத்துக்காக உழைக்கிறார்." கணக்கு முழுவதும் போய்விட்டது, எந்த ஊர்ப் பெண்ணுக்கும் பொருந்தும் ஒரு வரிதான் குறிப்பேட்டில் ஏறுகிறது. வாக்கியம் வாக்கியமாக மொழிபெயர்க்க வேண்டும். அனுமதி பெற்றுப் பதிவு செய்து, மாலையில் மீண்டும் கேட்பது இன்னும் நல்லது.

அடுத்தது, ஒரு தெருவை முழு நாடாக்குவது. இது பழைய நோய். மௌரியர் காலத்தில் பாடலிபுத்திரத்துக்குத் தூதராக வந்த கிரேக்கர் மெகஸ்தனிஸ், இந்தியர்கள் ஏழு பிரிவினர் என்றும் இங்கே அடிமைகளே இல்லை என்றும் எழுதினார். தாராவியிலேயே கும்பார்வாடாவின் குயவர்கள் சௌராஷ்டிரத்திலிருந்து வந்தவர்கள். தோல் தொழிலுக்கு வந்த தமிழர்களின் கதை வேறு. பக்கத்து மாட்டுங்காவில் 1932-இல் தென்னிந்தியக் கல்விச் சங்கத்தைத் தொடங்கிய தமிழர்களின் வாழ்க்கை முற்றிலும் வேறு. "மும்பைத் தமிழர்" என்று ஒரே மூச்சில் சொல்லவிடாதீர்கள்.

வராமலே எழுதியவரும் உண்டு. 1817-இல் இந்திய வரலாறு வெளியிட்ட பிரிட்டிஷ் எழுத்தாளர் ஜேம்ஸ் மில் இங்கே காலடி வைத்ததில்லை. அதைக் குறையாகவும் கருதவில்லை. அவருக்கு ஏறத்தாழ எட்டு நூற்றாண்டு முன்பே மத்திய ஆசிய அறிஞர் அல்பிரூனி சமஸ்கிருதம் கற்று, படித்தவர்களின் நம்பிக்கை எது, பாமரர் நம்பிக்கை எது என்று பிரித்து எழுதினார். யார் சொன்னது என்ற அந்த அக்கறைதான் இன்றும் வேண்டும்.

டிசம்பரில் வந்து போகிறவருக்கு ஜூலையில் வீட்டுக்குள் புகும் தண்ணீர் தெரியாது. நாம்தான் சொல்ல வேண்டும். மாமியாரோ கணவரோ அருகில் நின்றபோது ஒரு பெண் தந்த பதிலென்றால், அதையும் குறிக்கச் சொல்லுங்கள். அச்சுக்குப் போகுமுன் அந்தப் பகுதியைப் பேசியவரிடமே தமிழில் படித்துக் காட்டுங்கள்; கூலியைத் தவறாக எழுதியிருந்தால் அவரே திருத்திவிடுவார்.