டிராக்டர் நுழையாத நிலத்தில் வாடகைத் தொழில்: பவர் வீடரும் பிரஷ் கட்டரும் கொண்டு தொடங்கும் முறை

வாடகைக்கு உழவு ஓட்டுவது என்றதும் பலருக்கு டிராக்டரும் ரோட்டவேட்டரும்தான் நினைவுக்கு வருகின்றன. ஆனால் ஏற்கெனவே நாலைந்து டிராக்டர்கள் ஓடிக்கொண்டிருக்கும் ஊரில் கடன் வாங்கி இன்னொன்றை இறக்குபவர், முதல் ஆண்டிலேயே வாடகையைக் குறைத்து ஓட்ட வேண்டிய நிலைக்குத் தள்ளப்படுகிறார். பெரிய வண்டி நுழைய முடியாத இடங்களில், அதாவது கரும்பின் வரிசை இடைவெளியிலும், தோப்பின் தாழ்ந்த கிளைகளுக்கு அடியிலும், வண்டிப்பாதை இல்லாத 40 சென்ட் துண்டு நிலத்திலும், வேலை மிஞ்சிக் கிடக்கிறது. ஆள் கிடைக்காததால் அது நாள் கடந்து போகிறது. பவர் வீடர் (பின்னால் நடந்தபடி ஓட்டும் களையெடுப்பு இயந்திரம்), பிரஷ் கட்டர் (புல், புதர் வெட்டும் கருவி) ஆகிய இரண்டில் ஓரிரு லட்சத்துக்குள் முதலீடு செய்து அந்த வேலையை எடுத்துச் செய்ய விரும்புபவர்களுக்காக, கடலூர் மாவட்டத்துப் பண்ருட்டி வட்டாரத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு இந்த விளக்கத்தை எழுதுகிறேன்.

1. இயந்திரத்துக்கு முன் பயிரைக் கணக்கெடுங்கள்

உங்கள் வீட்டிலிருந்து ஐந்தாறு கிலோமீட்டர் சுற்றளவில் எந்தப் பயிர் எவ்வளவு நிற்கிறது, எந்த மாதத்தில் எந்த வேலைக்கு ஆள் தட்டுப்பாடு வருகிறது என்பதை ஒரு நோட்டில் எழுதுங்கள். பண்ருட்டிப் பக்கத்தில் கரும்பு, மணிலா (நிலக்கடலை), முந்திரி, பலா, நெல் எல்லாம் கலந்து வருகின்றன. முன்பட்டக் கரும்பு மார்கழி, தையில் நடப்படுகிறது. பின்பட்டம் சித்திரை, வைகாசி வரை நீள்கிறது. ஆகவே களை எடுப்பதும் மண் அணைப்பதும் மாசி தொடங்கி ஆடி வரை தொடர்ந்து வரும் வேலைகள். வடகிழக்குப் பருவமழைக்குப் பின் முந்திரித் தோப்புகளில் புதரும் புல்லும் மண்டிவிடும். பங்குனி, சித்திரையில் உதிரும் கொட்டையைப் பொறுக்க வேண்டுமானால் தரை அதற்குள் சுத்தமாக இருக்க வேண்டும் என்பதால், தை மாதத்தில் பிரஷ் கட்டருக்கு வேலை குவிகிறது.

கணக்கெடுக்கும்போது வரிசை இடைவெளியைக் கயிறு பிடித்து அளந்துவிடுங்கள். மணிலா 30 செ.மீ. இடைவெளியில் விதைக்கப்படுகிறது, 60 செ.மீ. அகலத்தில் மண்ணைக் கிளறும் வீடர் அங்கே நுழையவே முடியாது. விதைத்து 45 நாட்கள் ஆன மணிலாவில் விழுதுகள் மண்ணுக்குள் இறங்கத் தொடங்கிவிடுவதால், அதன்பின் எந்தக் கருவியாலும் மண்ணைக் கலைக்கக் கூடாது. கரும்பிலும் பழைய இரண்டரை, மூன்றடிப் பார்களில் வீடர் ஓட்டுவது சிரமம். நான்கடிக்கு மேல் இடைவெளி விட்டு நட்ட வயல்களே உங்களுக்கான வயல்கள். சொட்டு நீர்க் குழாய் எந்தெந்த வயலில் கிடக்கிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். குழாயைக் கத்தி சுருட்டிவிட்டால் அன்றைய வரவு அதோடு போய்விடும்.

2. இரண்டு கருவிகள் போதும்

5 முதல் 8 குதிரைத் திறன் கொண்ட ஒரு பவர் வீடரும், தோளில் மாட்டும் ஒரு பிரஷ் கட்டரும் தொடக்கத்துக்குப் போதுமானவை. நெல்வயல் மிகுந்த பகுதியாக இருந்தால் வீடருக்குப் பதிலாக 12 அல்லது 13 குதிரைத் திறன் பவர் டில்லர் (நடந்தபடி உழும் இயந்திரம்) பொருந்தும்; ஆனால் அதை ஊர்விட்டு ஊர் கொண்டு செல்வது தனிச் செலவு. வீடரைச் சிறிய சரக்கு ஆட்டோவில் ஏற்றிவிடலாம்.

மருந்து தெளிப்பை முதல் ஆண்டில் எடுக்க வேண்டாம் என்பது என் கருத்து. இயந்திர விலை குறைவுதான், பொறுப்பு பெரிது. 2,4-டி களைக்கொல்லி அடித்த தொட்டியைச் சரியாகக் கழுவாமல் பருத்தியில் பூச்சிமருந்து அடித்தால் இலைகள் சுருண்டு பயிரே கெடும், அந்தப் பழியும் இழப்பும் தெளித்தவர் தலையில்தான் விழும். பின்னாளில் இறங்குவதானாலும் களைக்கொல்லிக்குத் தனித் தெளிப்பான் வைத்துக்கொள்ளுங்கள்.

விலையையும் நிறத்தையும் பார்ப்பதற்கு முன், உங்கள் பகுதி நகரத்தில் அந்த இயந்திரத்துக்கு உதிரிபாகம் கிடைக்கிறதா என்று கேளுங்கள். கத்தி, பெல்ட், கிளட்ச் கேபிள், ஸ்பார்க் பிளக் ஆகிய நான்கும் அரை நாளில் கைக்கு வராத இயந்திரம் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வாடகைத் தொழிலுக்கு ஆகாது.

3. மானியத்துக்கு முதலில் விண்ணப்பம், பிறகே கொள்முதல்

வேளாண்மைப் பொறியியல் துறை, வேளாண் இயந்திரமயமாக்கல் துணை இயக்கத்தின் கீழ் பவர் டில்லர், பவர் வீடர் முதலியவற்றுக்கு மானியம் அளிக்கிறது. பொதுவாக 40 விழுக்காடும், சிறு, குறு விவசாயிகள், மகளிர், ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் ஆகியோருக்கு 50 விழுக்காடும், ஒவ்வொரு இயந்திரத்துக்கும் உள்ள உச்சவரம்புக்கு உட்பட்டு வழங்கப்படுகின்றன. ஐந்து ஏக்கருக்குள் நிலம் உள்ளவர் சிறு விவசாயி. இரண்டரை ஏக்கருக்குள் என்றால் குறு விவசாயி. அதற்கான சான்றை வட்டாட்சியர் அலுவலகத்தில் பெற வேண்டும். சிட்டா, ஆதார், வங்கிக் கணக்குப் புத்தகம் ஆகியவற்றுடன் உங்கள் பகுதி உதவிச் செயற்பொறியாளர் அலுவலகத்தை அணுகி, ஒப்புதல் வந்த பிறகே வாங்குங்கள். முன்பே வாங்கிவிட்டு ரசீதோடு போனால் பலன் இல்லை. இந்த ஆண்டு எந்த மாதிரிகள் பட்டியலில் உள்ளன என்பதையும் அங்கேயே கேட்டுவிடலாம். அத்துறை தன் சொந்த இயந்திரங்களையும் வாடகைக்கு விடுகிறது. உங்கள் வாடகையை முடிவு செய்யும் முன் அந்தக் கட்டணங்களையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவு கட்டணமின்றி இணையத்தில் முடிந்துவிடும். வங்கிக் கடனுக்கு உதவும். பயிர்ச் சாகுபடி சார்ந்த உழவு, களையெடுப்பு, அறுவடைப் பணிகளுக்கும் வேளாண் இயந்திர வாடகைக்கும் சரக்கு மற்றும் சேவை வரியிலிருந்து விலக்கு உண்டு.

4. வாடகையைக் கணக்குப் போட்டு வையுங்கள்

பக்கத்து ஊர்க்காரர் மணிக்கு 350 வாங்குகிறார், நாம் 300 வாங்குவோம் என்று தொடங்குவதுதான் இந்தத் தொழிலில் பலரையும் கவிழ்க்கிறது. கணக்கு இப்படிப் போக வேண்டும். வீடரின் விலை 75,000 ரூபாய், ஆயுள் ஐந்து ஆண்டு, கடைசியில் பழைய இரும்பாகவோ பாதி உயிரோடோ 7,500 ரூபாய்க்குப் போகும் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுத் தேய்மானம் 13,500. சராசரி முதலீட்டுக்கு 12 விழுக்காடு வட்டி ஏறத்தாழ 4,950. பழுது பார்ப்புக்கு 7,500. மொத்தம் 25,950 ரூபாய். ஆண்டுக்கு 400 மணி நேரம் ஓடினால் மணிக்கு 65 ரூபாய் ஆகிறது.

இதனுடன் மணிக்கு ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 100 ரூபாய், எண்ணெய்க்கு 10 ரூபாய் சேருங்கள். ஓட்டுபவரின் கூலி, அவர் நீங்களாகவே இருந்தாலும், கணக்கில் வர வேண்டும். நாள் கூலி 800 என்றாலும் போக்குவரத்து, காத்திருப்பு எல்லாம் போக என்ஜின் ஓடுவது ஐந்து மணி நேரம்தான் என்பதால் மணிக்கு 160 விழுகிறது. ஆக 335 ரூபாய் அடக்கவிலை. 400 வாங்கினால் 65 ரூபாய் மிஞ்சும். ஏற்றிச் செல்லும் ஆட்டோ வாடகையைத் தனியே வாங்க வேண்டும்.

அதே இயந்திரம் ஆண்டுக்கு 200 மணி நேரமே ஓடினால் என்ன ஆகும்? நிலைச் செலவு மணிக்கு 130 ஆக உயர்ந்து, அடக்கம் 400-ஐத் தொட்டுவிடுகிறது, மிச்சம் ஒன்றுமில்லை. வண்டி எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்பதே லாபத்தைத் தீர்மானிக்கிறது. வெவ்வேறு பருவத்தில் வேலை தரும் இரண்டு கருவிகளை மேலே சொன்னதும் இதனால்தான்.

களை வேலைக்கு ஏக்கர் கணக்கில் பேசாமல் மணிக் கணக்கில் பேசுங்கள். நான்கடி இடைவெளியில் ஓர் ஏக்கர் கரும்பில் வரிசைகளின் மொத்த நீளம் சுமார் 3,300 மீட்டர். மணிக்கு இரண்டு கிலோமீட்டர் நடந்தால் ஒரு மணி நாற்பது நிமிடம். திரும்புவதற்கும் கத்தியில் சுற்றிய கோரையை அறுப்பதற்கும் சேர்த்து இரண்டரை மணி நேரம் பிடிக்கும். அறுகு மண்டிய வயலில் இது இரட்டிப்பாகலாம். ஏக்கர் கணக்கில் பேசியிருந்தால் அந்தச் சுமை உங்களுடையது. ஸ்பார்க் பிளக் ஒயரில் சுற்றிப் பொருத்தும் சிறிய மணி மீட்டர் ஒன்றை மாட்டிவிட்டால் வயல்காரருக்கும் உங்களுக்கும் வாக்குவாதம் வராது.

5. வேலையை ஒப்புக்கொள்ளும் முன்

முடிந்தவரை முந்தைய நாளே வயலைப் பாருங்கள். ஒரு பிடி மண்ணை எடுத்து அழுத்தி, விரலால் தட்டும்போது உதிர்ந்தால் ஓட்டலாம். களிமண்ணாக ஒட்டிக்கொண்டால் இரண்டு நாள் தள்ளிப் போடுங்கள். கல், அடிக்கட்டை, மோட்டார் ஒயர், வால்வு எங்கே இருக்கின்றன என்று உரிமையாளரையே நடந்து காட்டச் சொல்லிக் குச்சி நட்டுவிடுங்கள். தேதி, வேலை, வாடகை, ஏற்றுக்கூலி, பணம் தரும் நாள் ஆகிய ஐந்தையும் நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்குவது சொந்தபந்தங்களிடமும் தவறில்லை. கரும்பு விவசாயிக்கு ஆலைப் பணம் வரும்வரை கையில் காசு இராது. அதனால் எரிபொருள் செலவையாவது முன்பணமாகக் கேளுங்கள், மீதிக்கு நாள் குறியுங்கள்.

6. ஓட்டும்போதும் நிறுத்தும்போதும்

பின்னோக்கி எடுக்கும் முன் சுழலும் கத்தியின் இணைப்பைத் துண்டிப்பதை ஒரு பழக்கமாகவே ஆக்கிக்கொள்ளுங்கள். வீடரிலும் டில்லரிலும் காலில் ஏற்படும் காயங்கள் பல அந்த ஒரு நொடியில் நேர்பவை. பிரஷ் கட்டர் ஓடும்போது 15 மீட்டருக்குள் யாரும் நிற்கக் கூடாது. முகக்கவசமும் கணுக்காலை மூடும் காலணியும் கட்டாயம். இரண்டு ஸ்ட்ரோக் என்ஜினாக இருந்தால் கையேட்டில் கண்ட அளவில் எண்ணெய் கலக்க வேண்டும். 50-க்கு 1 என்றால் லிட்டருக்கு 20 மி.லி., 25-க்கு 1 என்றால் 40 மி.லி. கண் அளவில் ஊற்றினால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும்.

புழுதியில் ஓடும் என்ஜினுக்குக் காற்று வடிகட்டிதான் உயிர். அதை அன்றாடம் மாலையில் தட்டிச் சுத்தம் செய்யுங்கள். ஐப்பசி மழையில் வேலை நின்று ஒரு மாதத்துக்கு மேல் வண்டி சும்மா நிற்கும் என்றால் தொட்டியிலும் கார்புரேட்டரிலும் உள்ள பெட்ரோலை வடித்துவிடுங்கள். இல்லாவிட்டால் தை மாதம் முதல் அழைப்பு வரும் அன்று வண்டி கிளம்பாது.

7. அடுத்த கருவி எப்போது

நோட்டின் கடைசிப் பக்கத்தை, கருவி இல்லாததால் மறுத்த வேலைகளுக்கென்று ஒதுக்கி வையுங்கள்: யார் கேட்டார், எந்த வேலை, எத்தனை ஏக்கர், எந்த மாதம். ஒரு பருவம் முழுவதும் அதில் சேற்றுழவு கேட்ட பெயர்களே நிறைந்திருந்தால் பவர் டில்லருக்குப் போகலாம். குழி தோண்டும் வேலை என்றால் மண் துளைப்பான் வாங்கலாம், அது டில்லரைவிட மிகக் குறைந்த செலவில் முடியும். அந்த ஏக்கர் எண்ணிக்கையை நான்காம் படியில் போட்ட கணக்கில் பொருத்தி, குறைந்தது 300 மணி நேர வேலை தேறாத கருவியை, மானியம் கிடைத்தாலும், அந்த ஆண்டில் வாங்க வேண்டாம்.