ரோட்டுச் சத்தம் ஜன்னல் வழியே வருதா? முதலில் இடுக்கைப் பாருங்கள்

எங்கள் வீடு சென்னையில் பஸ் போகிற ரோட்டில், முதல் மாடி. படுக்கையறை ஜன்னல் நேராக ரோட்டைப் பார்த்து இருக்கிறது. விடியற்காலை நாலரைக்குத் தண்ணி லாரி ஆரம்பிக்கும், அதன் பின்னாலேயே முதல் பஸ், அப்புறம் ஹாரன் ஓயாது. அம்மா வந்து தங்கிய ஒரு வாரமும் சரியாகத் தூங்கவில்லை என்று தெரிந்த பிறகுதான் இதில் இறங்கினேன். எதை முதலில் செய்தால் காசு வீணாகாது என்பதை எழுதுகிறேன்.

காற்று நுழைகிற இடத்தில் எல்லாம் சத்தமும் நுழையும். ஜன்னலின் பரப்பில் 100-ல் ஒரு பங்கு திறந்து கிடந்தால் போதும், மீதி 99 பங்கில் எவ்வளவு கனமான கண்ணாடி போட்டாலும் சத்தம் 20 டெசிபலுக்கு (சத்தத்தை அளக்கும் அலகு) மேல் குறையாது. நாலடிக்கு நாலடி ஜன்னலில் சுற்றிலும் 3 மில்லிமீட்டர் இடுக்கு இருந்தாலே அந்த ஒரு பங்கு வந்துவிடும். அதனால் கண்ணாடிக் கடைக்குப் போவதற்கு முன்னால் ஒரு ஊதுபத்தியைக் கொளுத்துங்கள். ஃபேனை நிறுத்திவிட்டு, மூடிய ஜன்னலின் விளிம்பு ஓரமாக மெதுவாக நகர்த்தினால், இடுக்கு இருக்கும் இடத்தில் புகை ஆடும். அங்கெல்லாம் பென்சிலால் குறி வையுங்கள்.

பழைய மரஜன்னல் என்றால் இரண்டு கதவும் சேரும் நடுக்கோடுதான் பெரும்பாலும் மோசம், அடுத்தது கீழ்ச்சட்டம். இதற்கு ஒட்டும் ரப்பர் பீடிங், அதாவது இடுக்கை அடைக்கும் நீள ரப்பர் பட்டை, கடையில் கிடைக்கும், ஆனால் சரியான தடிமனாகப் பார்த்து வாங்க வேண்டும். நான் செய்தது இது: சப்பாத்தி மாவைச் சின்ன உருண்டையாக்கி, பிளாஸ்டிக் கவரில் சுற்றி, சட்டத்தில் வைத்துக் கதவை மூடித் தாழ்ப்பாள் போட்டேன். திறந்து பார்த்தால் மாவு நசுங்கி நிற்கும் தடிமன்தான் அங்கே இருக்கும் இடைவெளி. மேலே 2 மில்லிமீட்டர், கீழே 5 என்று ஒரே ஜன்னலில் மாறி மாறி இருந்தது. அதைவிடக் கொஞ்சம் தடிமனான பீடிங் வாங்கினால் கதவு மூடும்போது அழுந்தி உட்காரும். ரொம்பத் தடிமனாக வாங்கினால் தாழ்ப்பாளே விழாது. ஒட்டுவதற்கு முன் பழைய தூசியையும் உரியும் பெயின்டையும் நன்றாகத் துடைத்து எடுங்கள், இல்லாவிட்டால் ஒரே மாதத்தில் கையோடு வந்துவிடும். கொக்கி தளர்ந்திருந்தால் அதையும் மாற்றிவிடுங்கள், ஏனென்றால் கதவு இறுக்கிப் பிடித்தால்தான் ரப்பருக்கு வேலை.

பஸ் போகும்போது கண்ணாடி கடகடவென்று அதிர்ந்தால் கண்ணாடியின் ஓரத்தில் சிலிகான் பசை வையுங்கள். சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே விரிசல் இருந்தால் அதையும் அடைக்க வேண்டும்.

அலுமினிய ஸ்லைடிங் ஜன்னலில் ஓரத்தில் இடுக்கை மறைக்கும் பிரஷ் மாதிரியான நார்ப் பட்டை தேய்ந்து போயிருக்கும், புதிதாக மாற்றலாம். ஆனால் கீழ்த் தடத்தில் இருக்கும் சின்னச் சின்ன ஓட்டைகளை மட்டும் அடைத்துவிடாதீர்கள். அவை மழைத்தண்ணீர் வெளியே போக வைத்தவை, அடைத்தால் ஐப்பசி மழையில் தண்ணீர் வீட்டுக்குள் வரும். ஸ்லைடிங் எப்போதுமே முழுதாக இறுகாது. ஜன்னலையே மாற்றுவதாக இருந்தால் கீல் வைத்துத் திறக்கிற மாதிரி, சுற்றிலும் ரப்பர் உள்ளதாகக் கேளுங்கள்.

இவ்வளவும் செய்து பத்து நாள் படுத்துப் பாருங்கள். ஹாரன், பேச்சுச் சத்தம் எல்லாம் நன்றாகவே அடங்கும். லாரி இன்ஜினின் அந்த அடி உறுமல் மட்டும் மிச்சம் இருக்கும், அதற்குக் கனமும் இடைவெளியும் வேண்டும். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். இரண்டு கண்ணாடிக்கு நடுவே 12 மில்லிமீட்டர் விட்டு ரெடிமேடாக விற்பது வெயிலுக்கு நல்லது, உறுமலுக்குப் பெரிதாக உதவாது. அதைவிட, இருக்கிற ஜன்னலை அப்படியே விட்டு, உள்பக்கம் 10 சென்டிமீட்டராவது தள்ளி இன்னொரு கண்ணாடி ஜன்னல் போடுவது மேல். நம் வீடுகளில் ஜன்னல் கதவு பெரும்பாலும் வெளிப்பக்கம் திறக்கும், கம்பி சட்டத்திலேயே இருக்கும், அதனால் ஒன்பது அங்குலச் சுவரில் உள்ளே அதற்கு இடம் கிடைத்துவிடும். இரண்டு கண்ணாடியும் ஒரே தடிமனாக இருக்க வேண்டாம். உள்ளே போடுவது லேமினேட்டட் கண்ணாடியாக (நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டிய இரண்டு கண்ணாடி) இருந்தால் இன்னும் நல்லது.

சுவரில் ஒட்டுகிற ஸ்பாஞ்ச், முட்டை அட்டை எல்லாம் அறைக்குள் எழும் எதிரொலியைத்தான் குறைக்கும், ரோட்டுச் சத்தத்தைத் தடுக்காது. கனமான திரைச்சீலையும் கிட்டத்தட்ட அப்படித்தான். ஏசி குழாய்க்காகப் போட்ட ஓட்டையையும், ஜன்னலுக்கு மேலே இருக்கும் வென்டிலேட்டரையும் மறக்காமல் பாருங்கள். எங்கள் வீட்டில் ஏசி ஓட்டை ஒன்று ஷோகேஸுக்குப் பின்னால் அப்படியே திறந்து கிடந்தது.

சமையலறை ஜன்னலையும், கேஸ் கீசர் இருக்கும் குளியலறையையும் எந்தக் காரணத்துக்காகவும் அடைக்காதீர்கள். படுக்கையறையை அடைத்தாலும் வீட்டில் ரோட்டைப் பார்க்காத பக்கம் ஒரு ஜன்னல் திறந்திருக்கட்டும். காற்று அங்கிருந்து வர, அறைக்கதவைக் கொஞ்சம் ஒருக்களித்து வைத்தால் போதும்.