பேட்டரியோடு சோலார் மின் நிலையம்: பேனல் வந்து இறங்கும் முன்பே நடக்கும் தவறுகள்

கிராமப்புறத்தில் பெரிய சோலார் மின் நிலையம் அமைக்க நினைப்பவர்கள் முதலில் தேடுவது நிலத்தைத்தான். வெயில் நன்றாக அடிக்கிறது, மேடுபள்ளம் இல்லை, விலையும் கட்டுப்படியாகிறது என்றதும் முன்பணம் கொடுத்துவிடுகிறார்கள். 100 மெகாவாட் நிலையத்துக்குச் சுமார் 500 ஏக்கர் பிடிக்கும் என்பதால் நிலம் பெரிய கவலைதான். ஆனாலும் அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று முன்னால் நிற்கிறது. இங்கே உற்பத்தியாகும் மின்சாரத்தை எந்த சப்ஸ்டேஷன் (துணை மின் நிலையம்) வாங்கிக்கொள்ளும்? அதில் இடம் மிச்சம் இருக்கிறதா?

சப்ஸ்டேஷன் பக்கத்திலேயே இருக்கிறது என்று நிம்மதியாகிவிட முடியாது. அங்குள்ள டிரான்ஸ்பார்மர் ஏற்கெனவே முழுச் சுமையில் ஓடிக்கொண்டிருக்கலாம். உங்களுக்கு முன்பே நாலைந்து பேர் விண்ணப்பித்துக் காத்திருக்கலாம். அமெரிக்காவில் 2023 முடிவில் இப்படி இணைப்புக்காக வரிசையில் நின்ற திட்டங்களின் மொத்தத் திறன் சுமார் 2,600 ஜிகாவாட். அந்நாட்டில் அப்போது ஓடிக்கொண்டிருந்த எல்லா மின் நிலையங்களின் திறனையும் சேர்த்தால்கூட இதில் பாதிக்கும் குறைவுதான். 2000 முதல் 2018 வரை விண்ணப்பித்த திறனில், 2023 முடிவுக்குள் கட்டி முடிந்து மின்சாரம் கொடுத்தது 14 சதவீதம் மட்டுமே. ஆகவே நிலத்தில் பணத்தைப் போடுவதற்கு முன் மின் இணைப்பு ஆய்வுக்குச் செலவு செய்யுங்கள். நிலையத்திலிருந்து சப்ஸ்டேஷன் வரை கம்பி போகும் வழியில் யார் யார் நிலம் இருக்கிறது என்றும் அப்போதே பார்த்துவிடுங்கள். நடுவில் ஒருவர் மறுத்தாலும் பாதையை மாற்ற வேண்டியிருக்கும். உயர் அழுத்த டிரான்ஸ்பார்மர் ஆர்டர் கொடுத்து வந்துசேர 2 ஆண்டுகளுக்கு மேல் ஆவதும் சகஜம். அதைக் கணக்கில் எடுக்காமல் தேதி குறித்தால் பேனல்கள் தயாராகி, மின்சாரம் போக வழியில்லாமல் நிற்கும்.

அடுத்தது பேட்டரி. "100 மெகாவாட் பேட்டரி வைக்கிறோம்" என்று சொல்லி நிறுத்திவிடுவது பாதிக் கணக்கு. தண்ணீர்த் தொட்டியில் குழாயின் அகலம் வேறு, தொட்டியின் கொள்ளளவு வேறு அல்லவா? மெகாவாட் என்பது குழாய், மெகாவாட் மணி என்பது தொட்டி. 100 மெகாவாட், 100 மெகாவாட் மணி பேட்டரி முழு வேகத்தில் ஒரு மணி நேரத்தில் தீர்ந்துவிடும். மாலையில் சூரியன் இறங்கியபின் நாலு மணி நேரத் தேவையைத் தாங்க வேண்டும் என்றால் 400 மெகாவாட் மணி வேண்டும். ஏற்றி இறக்குவதில் சுமார் 15 சதவீதம் இழப்பாகப் போகும். குளிரூட்டும் கருவிகள் தனியே மின்சாரம் எடுக்கும். அப்புறம், பேட்டரியின் கொள்ளளவு ஆண்டுக்கு ஆண்டு தேயும். முதல் நாள் கணக்கை வைத்து 15 ஆண்டுக்கு மின்சாரம் தருவதாக ஒப்பந்தம் போட்டால் பிற்பாதியில் அபராதம் கட்ட நேரிடும். பின்னாளில் கூடுதல் பேட்டரி சேர்ப்பதற்கான அடித்தளமும் கேபிள் வழியும் வரைபடத்திலேயே இருக்கட்டும்.

பாதுகாப்பில் இன்னும் கண்டிப்பு தேவை. 2019 ஏப்ரலில் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், சர்ப்ரைஸ் நகரில் ஒரு பேட்டரி கூடத்திலிருந்து புகை வந்தது. தீயணைப்பு வாயு தானாகவே பீய்ச்சப்பட்டிருந்தது. சில மணி நேரம் கழித்துத் தீயணைப்பு வீரர்கள் கதவைத் திறந்தார்கள். பேட்டரிகளிலிருந்து கிளம்பி உள்ளே தேங்கியிருந்த எரிவாயு வெடித்துப் பலர் படுகாயமடைந்தார்கள். லித்தியம் செல் ஒன்று கட்டுமீறிச் சூடானால் பக்கத்துச் செல்லையும் இழுத்துக்கொள்ளும். அந்தத் தொடரைத் தீயணைப்பு வாயுவால் நிறுத்த முடியாது. உள்ளே சேரும் வாயு வெளியேற வழி வைத்திருக்க வேண்டும். 2025 ஜனவரியில் கலிஃபோர்னியாவின் மோஸ் லேண்டிங்கில் பழைய மின் நிலையக் கட்டடத்துக்குள் நெருக்கமாக அடுக்கியிருந்த பேட்டரிகள் எரிந்தபோது, சுற்றுவட்டார மக்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வீட்டை விட்டு வெளியேற வேண்டியிருந்தது. ஒரே கூரையின்கீழ் அடுக்காமல், திறந்தவெளியில் இடைவெளி விட்டுத் தனித்தனிப் பெட்டிகளாக வையுங்கள். பக்கத்துத் தீயணைப்பு நிலையத்தாரை அழைத்து, எது எங்கே இருக்கிறது, எதைத் திறக்கக் கூடாது என்று கட்டும்போதே காட்டுங்கள். கிராமத்துத் தீயணைப்பு நிலையங்களில் ஆளும் குறைவு, வண்டி வர நேரமும் பிடிக்கும். இதில் மிச்சம் பிடிக்க நினைப்பதை என்னால் ஏற்கவே முடியாது.

இனி மண்ணுக்கு வருவோம். பேனல் தாங்கிகளுக்கு இரும்புத் தூண்களை நேராக மண்ணில் அடிப்பார்கள். அடித்துவிட்டால் ஆயிற்றா? மாதிரிக்குச் சில தூண்களை அடித்து, ஹைட்ராலிக் ஜாக்கால் மேல்நோக்கியும் பக்கவாட்டிலும் இழுத்து, எத்தனை மில்லிமீட்டர் நகர்கிறது என்று அளவுமானியில் பார்க்க வேண்டும். இத்தனை பெரிய நிலத்தில் மண் ஒரே மாதிரி இருக்காது. ஒரு மூலையில் பாறை தட்டும். இன்னொரு மூலையில் மழைக்கு உப்பி வெயிலுக்கு வெடிக்கும் களிமண் தூணையே மேலே தூக்கிவிடும். பத்துப் பதினைந்து இடத்தில் மட்டும் சோதித்துவிட்டு ஆயிரக்கணக்கான தூண்களுக்கு ஆர்டர் போடுவது சூதாட்டம்.

நிலம் முழுவதையும் ஒரே மட்டமாகச் சுரண்டிவிடும் பழக்கமும் ஆபத்தானது. மேல்மண்ணும் புல்லும் போய்விட்டால் பேனல் விளிம்பிலிருந்து கொட்டும் மழைநீர் மண்ணை அரித்துக்கொண்டு பக்கத்து வயலுக்கும் ஓடைக்கும் போகும். 2022இல் அலபாமா, ஐடஹோ, இல்லினாய் மாநிலங்களில் நான்கு சோலார் நிலையங்களின் உரிமையாளர்கள், கட்டுமானக் காலத்தில் மழைநீர் விதிகளை மீறியதற்காக மொத்தம் 13 லட்சம் டாலருக்கு மேல் அபராதம் கட்ட ஒப்புக்கொண்டார்கள். பகுதி பகுதியாக வேலை செய்து, முடிந்த இடத்தில் உடனே புல் விதைத்து, தண்ணீர் தங்கி வடியக் குட்டைகளை முதலிலேயே வெட்டிவிட்டால் இந்தத் தலைவலி பெருமளவு குறையும். ஆலங்கட்டி மழை பெய்யும் பகுதி என்றால், புயல் எச்சரிக்கை வந்ததும் பேனல்களைச் செங்குத்தாகச் சாய்த்து நிறுத்தும் டிராக்கர் (சூரியன் போகும் திசைக்கேற்பப் பேனலைத் திருப்பும் அமைப்பு) வேண்டும்.

ஊர் மக்களிடம் பேசுவதை அனுமதி எல்லாம் கிடைத்தபின் வைத்துக்கொள்பவர்கள் பலர். அதற்குள் வதந்தி முந்திக்கொள்ளும். எங்கே மரம் வெட்டப்படும், எந்தச் சாலையில் லாரி போகும், பேட்டரியின் மின்விசிறிச் சத்தம் ராத்திரியில் எந்த வீடு வரை கேட்கும் என்பதையெல்லாம் வரைபடத்தை மாற்ற முடிகிற காலத்திலேயே சொல்லுங்கள். "சத்தமே இருக்காது" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். குளிரூட்டிகளும் இன்வெர்ட்டர்களும் சத்தம் போடத்தான் செய்யும். வீடுகளைவிட்டுத் தள்ளி வைத்தால் அது பிரச்சினையாகாது.

குத்தகை 25, 30 ஆண்டுக்குப் போடுகிறீர்கள் என்றால், முடிந்தபின் என்ன நடக்கும் என்பதும் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். "நிலத்தைப் பழையபடி தருவோம்" என்ற ஒற்றை வரி போதாது. தூண்களை முழுசாகப் பிடுங்குவதா, கேபிள்களை எத்தனை அடி ஆழம் வரை தோண்டி எடுப்பது, பழைய பேட்டரியும் பேனலும் எங்கே போகும், நிறுவனம் கைமாறினாலோ நொடித்துப்போனாலோ அந்தச் செலவுக்கு யார் வைப்புத்தொகை கட்டியிருப்பார்கள் என்பதையெல்லாம் எழுத்தில் வையுங்கள். அந்த வைப்புத்தொகையைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அன்றைய விலைவாசிப்படி திருத்தவும் ஒரு ஷரத்து சேர்த்துவிடுங்கள்.