ஊருக்குப் போகுமுன் விக்டோரியா ஸ்ட்ரீட்டுக்குப் போங்கள்

ஊருக்குப் போனால் கோயில், துணிக்கடை, சொந்தக்காரர் வீடு என்று நாட்கள் ஓடிவிடும். இந்த முறை குடும்பத்தின் வேரையும் ஊரின் வரலாற்றையும் தேடிப் பார்க்க இரண்டு மூன்று நாட்கள் ஒதுக்க நினைக்கிறீர்களா? அப்படியானால் பாதி வேலையைச் சிங்கப்பூரிலேயே முடித்துவிடுங்கள். ஆவணக் காப்பகத்தில் போய் "எங்கள் தாத்தா தஞ்சாவூர்ப் பக்கம்" என்று மட்டும் சொன்னால் அங்கிருப்பவர்களால் ஒன்றும் செய்ய முடியாது. ஊர்ப் பெயர், அன்றைய தாலுகாவும் மாவட்டமும், ஏறத்தாழ எந்த ஆண்டு என்ற விவரங்கள் கையில் இருக்க வேண்டும்.

அன்றைய மாவட்டம் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. தென்காசி 2019 வரை திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. நாகப்பட்டினம் 1991-இல்தான் தஞ்சாவூரிலிருந்து பிரிந்தது. சிவகங்கை 1985 வரை ராமநாதபுரத்தோடு இருந்தது. பழைய ஆவணங்கள் பழைய மாவட்டப் பெயரில்தான் கிடக்கும். கடையநல்லூர்க்காரர் தென்காசி என்று தேடினால் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதுதான்.

முதலில் வீட்டு அலமாரியைப் பாருங்கள். தாத்தாவின் பழைய பாஸ்போர்ட், கல்யாணப் பத்திரிகை, ஊரிலிருந்து வந்த கடித உறை எல்லாமே ஆதாரம்தான். உறையில் உள்ள தபால் முத்திரையே சில சமயம் ஊரைக் காட்டிக் கொடுத்துவிடும். அந்தக் காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து சிங்கப்பூருக்கு ஓடிய 'ரஜூலா' கப்பலில் வந்த பெரியவர்கள் யாராவது குடும்பத்தில் இருந்தால், உடனே உட்கார்ந்து பேசிப் பதிவு செய்துகொள்ளுங்கள். இதைத் தள்ளிப் போடாதீர்கள்.

அடுத்தது விக்டோரியா ஸ்ட்ரீட் தேசிய நூலகம். அதன் இணையச் செய்தித்தாள் தொகுப்பில் 1935-இல் தொடங்கிய தமிழ் முரசின் பழைய இதழ்களையும், 1887 முதல் 1890 வரை வந்த சிங்கை நேசனையும் படிக்கலாம். தேடுபெட்டியில் பெயர் அகப்படவில்லை என்றால் விட்டுவிடாதீர்கள், தேதி வாரியாகப் புரட்டுங்கள். மரண அறிவிப்புகளில் சொந்த ஊரின் பெயர் இருக்க வாய்ப்புண்டு. தேசிய ஆவணக் காப்பகம் 1979 முதல் வாய்மொழி வரலாற்றைப் பதிவு செய்து வருகிறது. தமிழில் எடுத்த நேர்காணல்களும் அதில் இருக்கின்றன. உங்கள் ஊரிலிருந்து வந்த வேறொருவர் பேசியிருந்தாலும் அது உங்கள் கதைக்கு உதவும். தேக்கா பக்கம் போகிறவர்கள் கேம்பல் லேன் இந்திய மரபுடைமை நிலையத்தையும் பார்த்துவிடுங்கள்.

இனி சென்னை. எழும்பூரிலிருந்து தொடங்குவதே நல்லது. 1851-இல் தோன்றிய அரசு அருங்காட்சியகம் அங்கேதான் இருக்கிறது. வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதை நினைவில் வையுங்கள். அமராவதிச் சிற்பங்களும் சோழர் கால நடராசரும் எல்லோருக்கும் தெரிந்தவை. சிங்கப்பூரிலிருந்து போகிறவர்கள் அவசியம் நின்று பார்க்க வேண்டியவை நாகப்பட்டினத்துப் புத்தர் திருமேனிகள் என்பேன். 1856 தொடங்கி நாகப்பட்டினத்தில் மண்ணுக்கடியிலிருந்து சுமார் 350 பௌத்த வெண்கலங்கள் கிடைத்தன. அவற்றில் பல இந்த அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்தன. முதலாம் இராசராசன் காலத்தில் ஸ்ரீவிஜய மன்னர் அங்கே சூடாமணி விகாரம் என்ற பௌத்த மடத்தைக் கட்ட, ஆனைமங்கலம் என்ற ஊரின் வருவாய் அதற்குக் கொடையாகக் கொடுக்கப்பட்டது. ஸ்ரீவிஜயத்தின் தலைநகர் நமக்குப் பக்கத்துச் சுமத்ராவில் இருந்தது. நம் தாத்தாக்கள் கப்பலேறிய அதே நாகப்பட்டினத்துக்கு ஆயிரம் ஆண்டுக்கு முன் இந்தப் பக்கத்திலிருந்தும் ஆட்கள் போய் வந்திருக்கிறார்கள். கப்பல் போக்குவரத்து நாம் நினைப்பதைவிட எவ்வளவு பழையது என்பது அந்தச் சிலைகளுக்கு முன்னால் நிற்கும்போது புரியும். பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள்.

அதே வளாகத்தில் 1896-இல் திறந்த கன்னிமாரா நூலகம் இருக்கிறது. பழைய மாவட்டக் கையேடுகளைப் புரட்டிப் பார்க்க அங்கே கேளுங்கள்.

எழும்பூர் ரயில் நிலையத்துக்கு அருகிலேயே தமிழ்நாடு ஆவணக் காப்பகம். கிழக்கிந்தியக் கம்பெனி காலத்துக் கோப்புகளும் இங்கே உண்டு. ஆனால் இது நினைத்தவுடன் நுழைந்து பார்க்கிற இடமல்ல. என்ன ஆவணம், எந்த ஆண்டு, எதற்காக என்று முன்கூட்டியே எழுதிக் கேட்டு, என்னென்ன கடிதம் வேண்டும் என்று தெரிந்துகொண்டு போங்கள். ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் அட்டை) வைத்திருப்பவர்கள் 2021 மார்ச் அறிவிக்கையின்படி அருங்காட்சியகங்களில் இந்தியர்களுக்கான கட்டணம் செலுத்தலாம். அதே அறிவிக்கை, ஆய்வு செய்ய அவர்களுக்குச் சிறப்பு அனுமதி வேண்டும் என்றும் சொல்கிறது. முறையான ஆய்வு என்றால் இதைச் சரிபார்த்துக்கொண்டே கிளம்புங்கள்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் தரமணியில் இருக்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா என்ற தனிமனிதர் பல ஆண்டுகள் சேர்த்த புத்தகங்கள், இதழ்கள், நாடக நோட்டீஸ்கள், பாட்டுப் புத்தகங்கள், அழைப்பிதழ்கள்தான் இதன் அடித்தளம். அவர் மறைவுக்குப் பிறகு சிகாகோ பல்கலைக்கழகத்தின் முயற்சியில் 1994-இல் நூலகமாயிற்று. அரசுக் கோப்பில் வரியும் வழக்கும் இருக்கும். சாதாரண மக்கள் என்ன படித்தார்கள், எந்த நாடகத்துக்குப் போனார்கள் என்பதை இங்கேதான் பார்க்கலாம்.

ஓலைச்சுவடியில் ஆர்வம் இருந்தால், கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகக் கட்டடத்தில் உள்ள அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்துக்குப் போங்கள். கிழக்கிந்தியக் கம்பெனியின் நில அளவை அதிகாரி காலின் மெக்கன்சி 1800-களின் தொடக்கத்தில் ஊர் ஊராக ஆள் அனுப்பித் திரட்டிய ஊர் வரலாறுகளில் தமிழ்ப் பகுதி அங்கே இருக்கிறது. தஞ்சாவூர் போகிறவர்களுக்கு அரண்மனை வளாகத்து சரசுவதி மகால் நூலகம் உண்டு. காட்சிக்கூடத்தை யாரும் பார்க்கலாம். சுவடியைக் கையில் எடுத்துப் படிக்க அனுமதி வேண்டும்.

பொங்கல் வாரத்தில் அரசு அலுவலகங்கள் மூடியிருக்கும். டிசம்பர் பள்ளி விடுமுறையில் போனால் மழையையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், ஊரில் சித்தப்பாவோ அத்தையோ பரணிலிருந்து பழைய பத்திரமோ சுவடியோ எடுத்துக் கொடுத்தால், பாசத்தோடு வாங்கிப் பெட்டியில் வைத்துவிடாதீர்கள். இந்தியாவின் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி 75 ஆண்டுக்கு மேற்பட்ட, வரலாற்று மதிப்புள்ள கையெழுத்துப்படிகளையும் ஆவணங்களையும் தனியார் வெளிநாட்டுக்குக் கொண்டுபோக முடியாது. சிலை, விளக்கு போன்ற பொருள்களுக்கு அது 100 ஆண்டு. ஜன்னலோரம் வைத்து ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுத்துக்கொண்டு, யார் வீட்டில் இருக்கிறது என்று குறித்துவையுங்கள். ஒட்டிக்கொண்ட ஓலைகளை மட்டும் நீங்களே பிரிக்காதீர்கள். சுவடி நூலகத்தில் அதற்கென்று பழகியவர்களிடம் கேளுங்கள்.