சென்னையில் ஆறு வாரம் கற்க லண்டன் கலைஞர் மானியம் கேட்பது எப்படி?

இங்கிலாந்தில் வசிக்கும் மிருதங்கக் கலைஞரோ நடனக் கலைஞரோ வெளிநாட்டில் ஓர் ஆசானிடம் சில வாரம் தங்கிக் கற்க விரும்பினால், முதலில் பார்க்க வேண்டியது, அங்கே கலைக்கு நிதி தரும் அமைப்பான ஆர்ட்ஸ் கவுன்சில் இங்கிலாந்தின் ‘டெவலப்பிங் யுவர் கிரியேட்டிவ் பிராக்டிஸ்’ மானியம். 2018இல் தொடங்கிய திட்டம் இது. பணம் பிரிட்டனின் நேஷனல் லாட்டரியிலிருந்து வருகிறது. 2,000 முதல் 12,000 பவுண்டு வரை கேட்கலாம். சொந்தக் காசு போட்டாக வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. அமைப்புகள் கேட்க முடியாது. கல்லூரிப் படிப்புக்கு வெளியே ஒரு வருடமாவது கலையில் இயங்கியிருக்க வேண்டும். விண்ணப்பச் சுற்றுக்குச் சுற்று வழிகாட்டிக் குறிப்பு மாறும் என்பதால் பழையதை நம்பி எழுதாதீர்கள்.

நல்ல கலைஞர்களின் விண்ணப்பங்கள்கூட ஓரிடத்தில்தான் அதிகம் சறுக்குகின்றன: கச்சேரி வைப்பேன், ஆல்பம் வெளியிடுவேன் என்று எழுதிவிடுகிறார்கள். இந்த மானியம் நிகழ்ச்சிக்கானது அல்ல, உங்கள் கலை வளர்வதற்கானது. மேடையேற்றத்துக்கு ‘நேஷனல் லாட்டரி ப்ராஜெக்ட் கிரான்ட்ஸ்’ என்ற வேறு திட்டம் இருக்கிறது. “என் வாசிப்பை மேம்படுத்த விரும்புகிறேன்” என்றால் மதிப்பிடுபவருக்குப் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. “பத்து வருடமாகப் பக்கவாத்தியம் வாசிக்கிறேன்; தனி ஆவர்த்தனத்தை நானே அமைக்கும் பயிற்சி இல்லை. கண்ட நடையிலும் மிஸ்ர நடையிலும் கோர்வை கட்டக் கற்க இவரிடம் போகிறேன். அடுத்த வருடம் ஒரு ஜாஸ் குழுவோடு சேரும் வாய்ப்பு இருப்பதால் இப்போதே தேவை” என்று எழுதுங்கள். என்ன குறை, யாரிடம், ஏன் இப்போது என்ற மூன்றுக்கும் அதில் பதில் இருக்கிறது.

ஆசானிடமிருந்து ஒரு கடிதம் வாங்குங்கள். வாழ்த்துக் கடிதம் பயன்படாது. தேதிகள், வாரத்துக்கு எத்தனை வகுப்பு, கட்டணம் எவ்வளவு, தங்குமிடம் யார் பொறுப்பு என்ற விவரங்கள் அதில் இருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் “வாங்க, பார்த்துக்கலாம்” என்று வந்த பதிலை வைத்து பட்ஜெட் போட்டால், கட்டணம் பின்னால் கூடும்போது உங்கள் கையைக் கடிக்கும்.

பட்ஜெட்டில் பலரும் விட்டுவிடுவது தங்கள் சம்பளத்தை. கற்கப் போகும் நாட்களில் இங்கே வகுப்பு எடுக்க முடியாது, வருமானம் நிற்கும். அந்த நேரத்துக்கான கூலியைக் கேட்பது உங்கள் உரிமை. குறைத்துக் கேட்டால் கூடுதல் மதிப்பெண் விழும் என்று எண்ண வேண்டாம். ஆறு வாரத்துக்கு மாதிரிக் கணக்கு ஒன்று, பவுண்டில்: விமானம் 700, தங்குமிடம் 42 நாள் 35 வீதம் 1,470, சாப்பாடு 15 வீதம் 630, வகுப்பு 12க்கு 60 வீதம் 720, விசாவும் காப்பீடும் 200, உங்கள் நேரம் 30 நாள் 150 வீதம் 4,500, எதிர்பாராச் செலவுக்கு 400. மொத்தம் 8,620. “பயணம் 3,000” என்று மொத்தமாக எழுதாமல், இப்படி விலையையும் எண்ணிக்கையையும் பிரித்துக் காட்டுங்கள். வரவும் செலவும் ஒரு பவுண்டுகூடப் பிசகாமல் பொருந்த வேண்டும். உடற்குறை காரணமாக உங்களுக்கு உதவியாளரோ வேறு வசதியோ தேவைப்பட்டால் அந்தச் செலவைத் தனியாகக் கேட்கலாம். 12,000 வரம்புக்குள் அது சேராது.

தேதியில் அவசரப்படாதீர்கள். சுற்று மூடிய நாளிலிருந்து மூன்று மாதமாவது தள்ளி வேலை தொடங்குவதாகத் திட்டமிடுங்கள். முடிவு வருமுன் வாங்கிய விமான டிக்கெட்டுக்கு மானியத்தில் பணம் எடுக்க முடியாது. மார்கழி சீசன் கேட்பதற்கு அருமையான காலம்தான். ஆனால் டிசம்பரில் விமானக் கட்டணம் ஏறும், ஆசான்கள் சபா சபாவாக ஓடிக்கொண்டிருப்பார்கள். ஊன்றிக் கற்கப் பிப்ரவரியோ ஜூலையோ மேல்.

பிரிட்டிஷ் பாஸ்போர்ட் உள்ளவர்கள் விசா வகையைக் கவனிக்க வேண்டும். இந்தியச் சுற்றுலா விசாவில், சான்றிதழ் தராத, ஆறு மாதத்துக்கு மேற்படாத இசை, நடன வகுப்புகளுக்கு அனுமதி உண்டு. சம்பளம் வாங்கிக் கச்சேரி செய்ய அது போதாது. ஆகவே ஆசானின் கடிதத்தில் “நிகழ்ச்சி”, “சன்மானம்” போன்ற சொற்கள் தவறி நுழைந்திருந்தால், அனுப்புமுன் திருத்தி வாங்கிவிடுங்கள்.