வீட்டை எழுதிக் கொடுப்பதற்கு முன்

வெள்ளவத்தையில் எங்கள் மாடியில் இருந்த ஒரு அன்ரி, மகன் கனடாவிலிருந்து வந்து நின்ற மூன்று கிழமைக்குள் பிளட்டை அவன் பெயருக்கு எழுதிவிட்டார். "எனக்குப் பிறகு அவனுக்குத்தானே" என்றார். அடுத்த வருடம் வீடு பார்க்க ஆட்கள் வந்து மணி அடித்தபோதுதான், எழுதிக் கொடுத்த பத்திரமான உறுதியை எடுத்து வாசித்தோம். முழுக்க ஆங்கிலம், சீவிய உரித்து என்ற பேச்சே அதில் இல்லை.

கொழும்பில் நம் ஆட்களிடம் நான் அதிகம் காணும் தவறு இதுதான். பிள்ளைக்குக் கொடுப்பதில் பிழையில்லை, ஆனால் சாகும்வரை நான்தான் இருப்பேன், வாடகை வந்தாலும் எனக்கே என்று சீவிய உரித்தை வைத்துக்கொண்டு கொடுக்கலாமே. என்னைக் கேட்டால், நன்கொடை உறுதியே வேண்டாம், மரணசாதனம், அதாவது உயில், எழுதுங்கள் என்பேன். மனம் மாறினால் அதை மாற்றி எழுதலாம். மீளப்பெற முடியாத நன்கொடை என்று எழுதிவிட்டாலோ, 2017ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டப்படி, பிள்ளை பெரிய நன்றிகேடு செய்துவிட்டார் என்று நீதிமன்றத்தில் காட்டினால்தான் அது இரத்தாகும். எழுபத்தைந்து வயதில் புதுக்கடை நீதிமன்றத்துக்கு யார் அலைவது?

உறுதியை வாசித்து விளங்கப்படுத்துவது அதை எழுதி அத்தாட்சிப்படுத்தும் நொத்தாரிசின் கடமை, அவர் உங்களுக்குச் செய்யும் உபகாரம் அல்ல. உறுதி சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ இருந்தால் தமிழில் சொல்லச் சொல்லுங்கள், விளங்கும்வரை பேனையைத் தொடாதீர்கள். வீட்டை வாங்கப்போகிற பிள்ளை கூட்டிவரும் நொத்தாரிசிடம் கையெழுத்து வைப்பதைவிட, நீங்களே ஒருவரைத் தேடிப் போவது நல்லது.

மரணசாதனத்தைக் கொப்பித் தாளில் எழுதி அலுமாரிக்குள் வைத்துவிட்டுப் போகிறவர்களும் இருக்கிறார்கள். 1840ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி மரணசாதனத்துக்கு நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் வேண்டும், நொத்தாரிசு இல்லையென்றால் ஐந்து சாட்சிகள். அப்புறம், யாழ்ப்பாணத்து ஆட்கள் கொழும்புக்கு வந்து குடியேறியதால் மட்டும், அவர்களுடைய வழமைச் சட்டமான தேசவழமை விலகிவிடாது. தேடிய தேட்டத்தில், அதாவது கலியாணத்துக்குப் பிறகு தேடிய சொத்தில், கணவன் மனைவிக்கு உள்ள பங்கை நொத்தாரிசிடம் முதலிலேயே பேசிவிடுங்கள்.

நமக்காக இன்னொருவர் காரியம் பார்க்க எழுதிக் கொடுக்கும் அற்றோர்ணித் தத்துவத்தைப் பற்றி நிறையப் பேர் தலைகீழாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். "அம்மாவுக்கு மறதி தொடங்கிவிட்டது, கெதியாய் ஒரு அற்றோர்ணி எடுப்போம்" என்பார்கள். என்ன எழுதுகிறோம் என்று விளங்காதவர் வைக்கும் கையெழுத்துக்குப் பெறுமதி இல்லை. பிறகு மாவட்ட நீதிமன்றம் போய் அவருடைய சொத்தைப் பார்க்க ஒருவரை நியமிக்கக் கேட்க வேண்டியதுதான். கொடுத்தவர் இறந்தால் அந்த அதிகாரமும் அன்றோடு முடிந்தது, அதை வைத்து அடுத்த நாள் வங்கியில் காசு எடுக்க முடியாது. கொடுப்பதென்றால் தெளிவாக இருக்கும்போதே, இந்த வங்கிக் கணக்கு, இந்த வாடகை என்று அளவாகக் கொடுங்கள்.

வங்கியில் இரண்டு விஷயத்தைப் போட்டுக் குழப்புவார்கள். பிள்ளையை வைப்புக்கு நாமினியாகப் போட்டால் உங்களுக்குப் பிறகுதான் அவர் கைக்குக் காசு போகும். யாராவது ஒருவர் கையெழுத்து வைத்தாலே போதும் என்ற கூட்டுக் கணக்கில் சேர்த்தால், இன்றைக்கே எடுக்கலாம். பெரும்பாலானவர்களுக்கு உண்மையில் தேவை முதலாவதுதான்.

வட்டி கூட என்று முழுப் பணத்தையும் ஒரே நிதிக் கம்பனியில் போடாதீர்கள். மத்திய வங்கியின் வைப்புக் காப்புறுதி ஒரு நிறுவனத்தில் ஒருவருக்கு 11 இலட்சம் ரூபாய் வரைக்கும்தான், அதுவும் மத்திய வங்கியின் அனுமதி பெற்ற இடமென்றால். 2008இல், ஆட்களிடம் வைப்புப் பணம் வாங்கிய கோல்டன் கீ கம்பனி விழுந்தபோது அழுதவர்களை நம்மில் பலருக்குத் தெரியும். இன்னொன்று: 2025 ஏப்ரலிலிருந்து வட்டியில் 10 வீதம் வரி பிடிக்கிறார்கள். வருட வருமானம் 18 இலட்சத்துக்கு மேல் போகாதவர்கள் வங்கியில் பிரகடனப் படிவம் கொடுத்தால் பிடிக்கமாட்டார்கள். பலர் அந்தப் படிவத்தைக் கொடுக்காமல் சும்மா விட்டுவிடுகிறார்கள்.

ஓடிபியை யாருக்கும் சொல்லாதீர்கள், வெற்றுக் காசோலையில் கையெழுத்து வைக்காதீர்கள். இதெல்லாம் தெரிந்ததுதான்.

தெரியாதது ஒன்று இருக்கிறது. 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் சட்டப்படி, தம்மைத் தாமே பார்த்துக்கொள்ள முடியாத, அறுபது வயது தாண்டிய பெற்றோர் பிள்ளைகளிடம் பராமரிப்புச் செலவு கேட்டு அதற்கென உள்ள சபையிடம் விண்ணப்பிக்கலாம். அன்ரியிடம் இதைச் சொன்னேன். "என்ர பிள்ளைக்கு எதிராகவோ?" என்று கேட்டுவிட்டுத் தேத்தண்ணி போடப் போய்விட்டார்.