வாசல் பக்கம் கரடி வந்தால் என்ன செய்வது?

கோத்தகிரி, குன்னூர் பக்கம் குடியிருப்பவர்களுக்குக் கரடி புதிதில்லை. புதிதாக வாடகைக்கு வந்தவர்களும், விடுதியில் தங்கிவிட்டு ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு சும்மா நடந்துவிட்டு வரலாம் என்று கிளம்புகிறவர்களும்தான் பெரும்பாலும் எசகுபிசகாக அதன் எதிரே போய் நிற்கிறார்கள். முக்கியமாக அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன், ஆனால் ஊர்க்காரர்களும் படியுங்கள், பழகிப்போனதால் நமக்கும் கவனம் குறைந்துவிட்டது.

வெளிநாட்டு வீடியோவில் பார்த்ததை முதலில் மறந்துவிடுங்கள். அமெரிக்கக் கருங்கரடி என்றால் கையைத் தூக்கி, சத்தம் போட்டு விரட்டச் சொல்வார்கள். நம் ஊர்க் கரடி வேறு இனம், கறையான், எறும்பு, தேன், பழம் என்று தின்பது. மோப்பம் அபாரம், பார்வையோ மந்தம். தலையைப் புற்றுக்குள் விட்டுக் கறையானை உறிஞ்சிக்கொண்டிருக்கும்போது நீங்கள் பத்தடி தள்ளி வந்து நின்றாலும் அதற்குத் தெரியாது. திடீரென்று தெரிந்ததும் மிரண்டு, ஓடுவதற்குப் பதில் உங்கள் மேலேயே பாய்ந்துவிடும். இங்கே நடக்கிற தாக்குதல்களில் பெரும்பாலானவை இப்படித் திடுக்கிட்டு நடப்பவைதான். அதனால் நாம் வருவது அதற்கு முன்கூட்டியே தெரியவேண்டும், அவ்வளவுதான் விஷயம்.

இருட்டிய பிறகும் விடியற்காலையிலும் தனியாக நடக்காதீர்கள். வேறு வழியில்லை என்றால் நல்ல டார்ச் எடுத்துக்கொண்டு, சத்தமாகப் பேசிக்கொண்டோ பாடிக்கொண்டோ போங்கள், காதில் இயர்போன் வேண்டவே வேண்டாம். தேயிலைச் செடிக்கு நடுவே போகும் குறுக்குவழியும், உண்ணிச்செடி மண்டிய ஓடைக்கரையும்தான் மோசமான இடங்கள், அங்கே கரடி படுத்திருந்தால் மூன்றடி தூரத்தில்கூடத் தெரியாது. நாயைக் கூட்டிப்போனால் கயிற்றைக் கையிலேயே பிடித்திருங்கள். அவிழ்த்துவிட்ட நாய் குரைத்துக்கொண்டே போய்க் கரடியைச் சீண்டிவிட்டு, நேராக உங்களிடம்தான் ஓடிவரும், பின்னாலேயே கரடியும்.

சரி, அது ஏன் ஊருக்குள் வருகிறது? வாசனைதான். கோயில் கதவை உடைத்து விளக்குக்கு ஊற்றும் எண்ணெயையும் நெய்யையும் குடித்துவிட்டுப் போவது இந்தப் பக்கம் அடிக்கடி நடக்கிறது, ரேஷன் கடை, பேக்கரி, சத்துணவுக்கூடம் எதையும் விடுவதில்லை. ஒருமுறை ருசி கண்ட இடத்துக்குத் திரும்பத் திரும்ப வரும். ஆகவே கோயில் நிர்வாகத்தில் இருப்பவர்கள் தயவுசெய்து பூஜை முடிந்ததும் எண்ணெய் டின்னையும் மீதி எண்ணெயையும் அங்கே வைக்காமல் எடுத்துப்போய்விடுங்கள். வீட்டில் சமையல் எண்ணெய், வெல்லம், தேன் எல்லாம் பின்கட்டுத் தகரக் கொட்டகையில் இருந்தால் உள்ளே மாற்றுங்கள், அந்தத் தகரம் அதன் நகத்துக்கு நிற்காது. பலா, கொய்யா, பேரி பழுத்தால் உடனே பறித்துவிடுங்கள், கீழே விழுந்து அழுகுவதையும் பொறுக்கிவிடுங்கள். எச்சில் இலையும் இறைச்சிக் கழிவும் ராத்திரி வெளியே கிடக்கக்கூடாது.

அப்புறம், நேருக்கு நேர் பார்த்துவிட்டால்? ஓடாதீர்கள். பார்க்கத்தான் மந்தமாக இருக்கும், ஓட்டத்தில் உங்களை எளிதாகப் பிடித்துவிடும். மரத்தில் ஏறியும் பயனில்லை, அது நன்றாகவே ஏறும். அப்படியே நின்று, அதை நோக்கியபடி, தாழ்ந்த குரலில் ஏதாவது பேசிக்கொண்டே ஒவ்வொரு அடியாகப் பின்னால் போங்கள். பின்னங்காலில் எழுந்து நின்றால் பயந்துவிடாதீர்கள், பெரும்பாலும் மோப்பம் பிடிக்கத்தான் அப்படி நிற்கும். அது போக வழி விடுங்கள். முதுகில் குட்டி இருந்தால் அது தாய், இன்னும் கூடுதலாக விலகுங்கள். வண்டியில் இருந்தால் இறங்காதீர்கள், ஹாரன் அடித்துத் துரத்தாதீர்கள், அதுவாகப் போகட்டும்.

கரடி தெருவுக்குள் வந்துவிட்டது, நீங்கள் வீட்டில் இருக்கிறீர்கள் என்றால் கதவைச் சாத்திவிட்டு, வாசல் விளக்கைப் போட்டுவிட்டு, வனச்சரக அலுவலகத்துக்குப் போன் செய்யுங்கள். அந்த நம்பரை இப்போதே சேமித்து வையுங்கள், பக்கத்து வீட்டுப் பாட்டிக்கும் எழுதிக் கொடுங்கள். போன் எடுத்து வீடியோ பிடிக்கக் கூட்டமாக இறங்குவதைத்தான் கெஞ்சிக் கேட்டு வேண்டாம் என்கிறேன். நான்கு பக்கமும் ஆள் நின்றால் அதற்குப் போக வழியில்லை, அப்போது எந்தப் பக்கம் பாயும் என்று யாராலும் சொல்ல முடியாது. அடிப்பதும் கண்ணி வைப்பதும் 1972ஆம் ஆண்டு வனவுயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

மேலே பாய்ந்தேவிட்டால் குப்புறப் படுத்து, முகத்தைத் தரையோடு வைத்து, இரண்டு கைகளையும் பிடரியில் கோத்துக்கொள்ளுங்கள். முதுகில் பை இருந்தால் கழற்றாதீர்கள். இந்தக் கரடி முகத்தையும் தலையையும்தான் கிழிக்கும், கண்ணும் கழுத்தும் தப்புவதுதான் முக்கியம். அது விலகிப் போகும் சத்தம் நன்றாக அடங்கும்வரை எழுந்திருக்காதீர்கள்.

காயம் பட்டவருக்கு ரத்தம் வடிந்தால் சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்துக்கொண்டு 108க்கு அழையுங்கள். சின்னக் கீறல்தான் என்று மஞ்சள் வைத்துக் கட்டிவிடாதீர்கள். சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். கடித்தது கரடி என்று சொல்லி, டெட்டனஸ் ஊசியோடு வெறிநாய்க்கடிக்குப் போடும் தடுப்பூசியையும் கேளுங்கள், ரேபிஸ் நாயிடமிருந்து மட்டும் வருவதில்லை. எத்தனை தவணை சொல்கிறார்களோ அத்தனையும் போட்டு முடியுங்கள்.